நாவுக்கரசர் வென்ற பகைகள்

முன்னுரை

மனிதன் உலகிற் பிறந்த நாள் தொட்டுப் போர்க்களத்திலேயே நிற்கின்றான். புறப்பகை கண்ணுக்குத் தெரிவது. வாளும் வேலும் தாங்கி வருவது. அகப்பகையோ ஓசையின்றி வரும், நண்பனைப்போல் உடனமரும், சில வேளைகளில் அறத்தின் வேடத்தையும் அறிவின் வேடத்தையும் பூண்டு நிற்கும். பவுல் அப்போஸ்தலர் எபேசு சபையாருக்கு விடுத்த நிருபத்தின் ஆறாம் அதிகாரத்தில் இவ்வகப்போரைக் குறித்து விரித்துரைத்து, வாய்மையைக் கச்சையாகவும், நீதியை மார்க்கவசமாகவும், விசுவாசத்தைக் கேடகமாகவும் அணிந்து நிற்குமாறு பணித்தார். படைக்கலங்கள் இவையென அறிதல் எளிது. பகைவன் இவனெனக் கண்டுகொள்ளுதலே அரிது. எது தாக்குதல், எது திருத்துதல், எது நம்மை வீழ்த்த வந்தது, எது நம்மை எழுப்ப வந்தது என்று பகுத்தறிய மாட்டாமல் நல்லோரும் நெடுங்காலம் தடுமாறியிருக்கின்றனர்.

இப்பொருளைப் பற்றிச் சிந்திக்கப் புகுந்த நமக்கு, நம் தமிழ்நாட்டிலேயே, கெடில நதியின் வடகரையில் நிகழ்ந்த ஒரு வாழ்க்கை நினைவுக்கு வருகின்றது. அது திருநாவுக்கரசு நாயனாருடைய வாழ்க்கை. அவர் கிறிஸ்து மார்க்கத்தவர் அல்லர், சிவநெறியின் பேரடியார். ஆயினும், உள்ளத்திற் போர் செய்து வென்றவர் எச்சமயத்தவராயினும் அவர்பாற் கற்கத்தக்கது உண்டென்பது நம் துணிபு. ஆதலின் அவர் வரலாற்றை ஈண்டுச் சுருக்கி வரைவாம்.

திருவதிகை

கடலூர் மாவட்டத்திற் பண்ணுருட்டிக்கு அணித்தாயுள்ளது திருவதிகை. சிவபெருமானுடைய வீரச்செயல்கள் நிகழ்ந்தனவாகச் சொல்லப்படும் எட்டு வீரட்டானங்களுள் இஃதொன்று. வானிற் பறந்து திரிந்த மூன்று மதில்களை இறைவன் எரித்தது இவ்விடத்தே என்பர். அம்மூன்று மதில்களும் கல்லாலும் உலோகத்தாலும் ஆனவையல்ல, மனிதனைப் பிணித்து நிற்கும் மும்மலங்களே என்று திருமூலர் அதற்கு உட்பொருள் கண்டார். ஆகவே, அகப்போரின் நினைவு அவ்வூர்ப் பெயரோடு தொன்றுதொட்டே ஒட்டியதாகும். சைவ சித்தாந்த சாத்திரங்களுள் ஒன்றாகிய உண்மை விளக்கத்தைச் செய்த மனவாசகங்கடந்தாரும் இவ்வூரினரே. இதற்குத் தெற்கேயுள்ள நெய்வேலியில், 1956-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற நிறுவனத்தார் நிலத்தை ஆழ அகழ்ந்து பழுப்பு நிலக்கரியை எடுத்து மின்னாற்றல் ஆக்கிவருகின்றனர். பல்லூழிக்காலம் மண்ணுள் மறைந்து கிடந்த அனல் வெளிவர வேண்டுமாயின், மேலே கிடக்கும் மண் அகல வேண்டும். நாவுக்கரசருடைய வாழ்விலும் அத்தகைய அகழ்வு ஒன்று நிகழ்ந்தது.

அவர் வரலாற்றை விரிவாகக் கூறுவது சேக்கிழார் அருளிய பெரியபுராணம். அது பன்னிரண்டாம் நூற்றாண்டில் தோன்றியது. நாவுக்கரசரோ ஏழாம் நூற்றாண்டினர். ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டு இடைவெளி உண்மையின், அப்புராணத்திற் கூறியவை யாவும் சரித்திர நிகழ்ச்சியென்று கொள்ளுதல் எல்லார்க்கும் இயலாது. எனினும் சூலைநோயையும், நஞ்சூட்டப்பட்டதையும், கல்லோடு கட்டிக் கடலில் எறியப்பட்டதையும் நாயனாரே தம் பதிகங்களிற் குறிப்பிட்டிருத்தலால், அவர் பெருந்துன்பங்களினூடே நடந்து வந்தவர் என்பதில் ஐயமில்லை.

பிறப்பும் துயரும்

திருமுனைப்பாடி நாட்டிலே, திருவாமூர் என்னும் ஊரிலே, வேளாளர் மரபிலே, புகழனார்க்கும் மாதினியார்க்கும் மக்கள் இருவர் பிறந்தனர். மூத்தவர் திலகவதியார், இளையவர் மருள்நீக்கியார். திலகவதியார்க்குப் பன்னிரண்டாண்டு நிரம்பியபோது, அரசனுடைய படைத்தலைவராகிய கலிப்பகையார்க்கு அவரை மணம்பேசினர். மணநாள் வருமுன்னரே அரசன் ஆணையாற் கலிப்பகையார் வடபுலத்துப் போருக்குச் சென்றார். அவர் திரும்புமுன் புகழனார் நோயுற்று இறந்தார். மாதினியாரும் கணவனாருடன் உயிர் நீத்தார். பின்னர்ப் போர்க்களத்திலிருந்து கலிப்பகையார் பட்ட செய்தியும் வந்தது.

இவ்வாறு சில காலத்துள் ஒரு மனை முற்றும் இருண்டது. திலகவதியார் தாமும் உயிர்விடத் துணிந்தார். மருள்நீக்கியார் தமக்கையின் அடிகளில் வீழ்ந்து, தந்தையும் தாயும் சென்றபின்னும் தாம் உயிர் தாங்கியிருப்பது அவரை வணங்கலாமென்னும் ஒரு பற்றினாலேயே என்றும், அவரும் செல்வாராயின் தாம் அவர்க்கு முன்னரே செல்வதாகவும் கூறி அழுதார். தம்பி உயிரோடிருத்தல் வேண்டுமென்னும் அருளினால் அப்பெண்மணியார் தம் உயிரைத் தாங்கிக்கொண்டார். மங்கலநாண் பூணாமல், உலகின்பங்களை நாடாமல், எல்லா உயிர்க்கும் இரங்கி மனையிலே தவம் புரிந்திருந்தார். பிற்காலத்தில் மருள்நீக்கியாரை மீட்ட கருவி அன்றே அமைந்துவிட்டது. ஓர் ஆன்மாவைப் பகைவன் வளைக்குமுன்பே அதனைக் காத்தற்குரிய அன்பை இறைவன் அதனருகே வைத்திருக்கின்றான் என்பதற்கு இது சான்றாம்.

தருமசேனர்

வளர்ந்த மருள்நீக்கியார் உலகின் நிலையாமையை எண்ணி எண்ணி வருந்தினார். அறச்சாலைகளும் தண்ணீர்ப்பந்தர்களும் அமைத்தார், சோலை வைத்தார், குளம் தொட்டார், வந்தார்க்கெல்லாம் வாரி வழங்கினார். ஆயினும் உள்ளத்தின் வேட்கை தணியவில்லை. சமயங்களின் உண்மையை ஆராயப் புகுந்து, இந்நாளிற் கடலூரின் ஒரு பகுதியாகவுள்ள திருப்பாதிரிப்புலியூராகிய பாடலிபுத்திரத்தை அடைந்து, ஆண்டிருந்த சமணப் பள்ளியிற் சேர்ந்தார்.

அப்பள்ளி எளியதொன்றன்று. கி.பி. 458-க்கு ஒத்த சக ஆண்டு 380-இல், சர்வநந்தி என்னும் சமண முனிவர் லோகவிபாகம் என்னும் உலக அமைப்பு நூலை எழுதி முடித்த இடம் அப்பாடலியே என்பர். சமண முனிவர்கள் தமிழுக்குச் செய்த தொண்டினை நாம் மறத்தல் தகாது. சிந்தாமணியும் நன்னூலும் அவர்கள் நமக்குத் தந்த செல்வங்கள். கொல்லாமையை இந்நாட்டில் ஊன்றிப் பரப்பியவரும் அவர்களே. மருள்நீக்கியார் அங்கே கற்பன யாவும் கற்றுத் தேர்ந்து, தருமசேனர் என்னும் பட்டம் பெற்று, அவர்களுக்குத் தலைவராய் விளங்கினார்.

அங்ஙனமாயின், அவர் வாழ்வில் வந்த தீங்கு யாது? ஒரு சமயத்தை விட்டு வேறொரு சமயம் புக்கதே தீங்கென்று கூறிக் கடந்துவிடுதல் எளிது. நாம் அதனினும் ஆழ நோக்குதல் வேண்டும். நிலையாமையைக் கண்டு நடுங்கிய இளைஞன் ஆறுதலைத் தேடிச் சென்றான். அவனுக்குக் கிடைத்ததோ பட்டம். துயரத்துக்கு மருந்து நாடியவன் வாதத்துக்கு ஆயுதம் பெற்றான். அழவேண்டிய இடத்தில் ஆராய்ச்சி செய்தான். கல்வியும் தலைமையும் புகழும் அவனுடைய புண்ணை மூடி நின்றன; ஆற்றவில்லை. பிற்காலத்து நாயனார் தம் பதிகங்கள் பலவற்றில் அக்காலத்தை நினைந்து இரங்குதலை நோக்குவார்க்கு, வெளியே சிறப்புற்றிருந்தபோதே அவர் உள்ளே வறுமையுற்றிருந்தார் என்பது விளங்கும். ஆன்மாவின்மேல் வரும் தாக்குதல்களுட் கொடியது துன்பமன்று. துன்பத்தை மறக்கச் செய்யும் வெற்றியேயாம். அப்பகைவனை எளிதில் எவரும் ஐயுறுவதில்லை.

மூத்தவள் செய்த தொண்டு

தம்பியின் செய்தி கேட்ட திலகவதியார் வாதம் புரியப் பாடலிக்குச் செல்லவில்லை. வசை கூறி ஓலை விடுக்கவுமில்லை. திருவாமூரை விட்டுத் திருவதிகைக்குச் சென்று, வீரட்டானத் திருக்கோயிலை நாடோறும் விடியுமுன் அலகிட்டு, சாணத்தால் மெழுகி, மலர் கொய்து மாலை தொடுத்துத் தொண்டு செய்தார். அத்தொண்டின் இடையே தம்பியை மீட்டருளுமாறு இறைவனைப் பலகாலும் வேண்டினார். அவனைச் சூலைநோய் தந்து ஆட்கொள்வோம் என்று இறைவன் கனவில் உணர்த்தியதாகச் சேக்கிழார் கூறுவர்.

இதனைப் படிக்குங்கால் வட ஆப்பிரிக்காவில் 354-ஆம் ஆண்டிற் பிறந்த அகுஸ்தீன் என்னும் பெரியாருடைய தாயாராகிய மோனிக்கா அம்மையார் நம் நினைவுக்கு வருகின்றார். அகுஸ்தீனும் பெருங்கல்வியாளர், அவரும் ஏறத்தாழ ஒன்பதாண்டு மானியரென்னும் கூட்டத்தாரைச் சார்ந்திருந்தார். தாயாரோ கண்ணீரோடு ஜெபித்தவண்ணம் கடல் கடந்தும் மகனைப் பின்பற்றினார். 387-இல் மிலான் நகரத்தில் அம்புரோஸ் என்னும் கண்காணியார் கையால் அகுஸ்தீன் ஞானஸ்நானம் பெற்றார். அவ்வாண்டிலேயே அவ்வம்மையாரும் மனநிறைவோடு உலகை நீத்தார். அகப்போரில் தாக்கப்பட்டவன் தன் தாக்குதலை உணரமாட்டாத நிலையில், அவனுக்காக விழித்திருப்பவர் ஒருவர் வேண்டும். ஓரிடத்தில் தாய், ஓரிடத்தில் தமக்கை. நாடும் சமயமும் வேறாயினும் அன்பின் வழி ஒன்றே.

சூலை

தருமசேனரைச் சூலைநோய் பற்றியது. வயிற்றினுள்ளே குடரை முறுக்கி அனலெனச் சுடும் அந்நோய்க்குப் பள்ளியில் உள்ளோர் தாமறிந்த மந்திரங்களை ஓதினர்; மந்திரித்த நீரை ஊட்டினர்; மயிற்பீலியால் தடவினர். நோய் மேலும் முதிர்ந்தது. இனித் தம்மால் ஆவதொன்றில்லையென அவர்கள் கைவிட்டனர். அப்போது தருமசேனர்க்குத் தமக்கையின் நினைவு வந்தது. தமக்கு உணவு சமைப்பவனை இரகசியமாக அதிகைக்கு அனுப்பித் தம் நிலையைத் தெரிவித்தார்.

செய்தி கேட்ட திலகவதியார் உருகினார், ஆயினும் புறப்படவில்லை. அப்பள்ளிக்குத் தாம் வாரோம் என்று சொல்லியனுப்பினார். இது வன்மையன்று. நோயாளி இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு நலம் பெற விரும்புகின்றான். மருத்துவனோ அவ்விடத்தைவிட்டு எழுந்து வருமாறு அழைக்கின்றான். தான் எழுந்து நடக்கவேண்டிய சில அடிகளை எவரும் ஒருவனுக்காக நடந்து கொடுத்தல் இயலாது. தலைமையும் பட்டமும் நிறைந்த அவ்விடத்தை விட்டுத் தனியே, நோயோடு, நாணத்தோடு, இரவில் நடந்து வருதலே தருமசேனர்க்குரிய மருந்தின் முற்பகுதி என்பதனை அவ்வம்மையார் அறிந்திருந்தார்.

மறுமொழி கேட்ட தருமசேனர் ஒருகணம் சோர்ந்தார், பின் துணிந்தார். உடுத்த பாயையும், உறியில் தூங்கிய குண்டிகையையும், கையிலிருந்த மயிற்பீலியையும் அங்கேயே ஒழித்து, வெள்ளாடை உடுத்து, ஒருவரும் அறியாமல் இரவோடு இரவாகத் திருவதிகையை அடைந்து தமக்கையின் அடிகளில் வீழ்ந்தார். அவர் தம்பியை எடுத்து, ஐந்தெழுத்தை ஓதித் திருநீறு அளித்தார். திருப்பள்ளியெழுச்சி வேளையில், அலகும் தோண்டியும் எடுத்துத் தொண்டுக்குச் செல்லும்போது உடனழைத்துச் சென்றார். வீரட்டானத்து இறைவன் திருமுன் நின்ற அவர் வாயிலிருந்து முதற்பதிகம் வெளிவந்தது. சூலை நீங்கியது; நாவுக்கரசு என்னும் திருநாமம் வாய்த்தது.

இந்நிகழ்ச்சியில் நாம் நின்று நிதானிக்கவேண்டியது ஒன்றுண்டு. நோய் வந்தபோது தருமசேனர் அதனைப் பகையென்றே கருதினார். புகழோடிருந்த காலத்தை நலமென்று கருதினார். அதிகையில் நின்று திரும்பி நோக்கியபோதோ, நலமென நினைத்தது பிணியாகவும், பிணியென நினைத்தது அருளாகவும் தோன்றின. ஸ்பானிய நாட்டு வீரராகிய இஞ்ஞாசியார் 1521-இல் பம்பலோனாக் கோட்டைப் போரிற் பீரங்கிக் குண்டினாற் காலொடிந்து படுக்கையிற் கிடந்தபோதே தம் உள்ளத்து எண்ணங்களைச் சோதிக்கக் கற்றார். எவ்வெண்ணம் நுழையும்போது இனித்துப் பின் வறட்சி தருகின்றது, எவ்வெண்ணம் நெடிது நின்று அமைதி தருகின்றது என்று கவனித்து, பிற்காலத்தில் நல்லாவியையும் தீயாவியையும் பகுத்தறியும் விதிகளை வகுத்தார். பகைவன் கோட்டையைச் சுற்றிவந்து மெலிந்த மதிலைத் தேடும் படைத்தலைவனைப் போன்றவன் என்பதும், அவன் மறைவை விரும்புவான், வெளிச்சத்தை அஞ்சுவான் என்பதும் அவர் கண்டவை. தருமசேனர் தம் நிலையைத் தமக்கைக்குத் திறந்து உரைத்த அன்றே அவர் மீட்சி தொடங்கியது. நீங்காத துன்பத்தை நீங்குமாறு மும்முறை வேண்டி, அது நீங்காமலே அருள் பெற்ற பவுலடியாரையும் இவ்விடத்து நினைத்தல் தகும். ஆதலின், துன்பம் நீங்குதல் ஒன்றே அருளுக்கு அடையாளமன்று. துன்பம் நம்மை எத்திசை நோக்கித் திருப்புகின்றது என்பதே அடையாளம்.

அரசன் ஆணை

பகைவன் மறைவில் தோற்றபின் வெளிப்படையாய் வந்தான். தம் தலைவர் நீங்கியதை இழிவாகக் கருதிய பள்ளியார் பல்லவ அரசனிடம் முறையிட்டனர். அவ்வரசன் முதலாம் மகேந்திரவர்மன் என்பது ஆராய்ச்சியாளர் பலருடைய கருத்து. அவன் ஆட்சிக்காலம் ஏறத்தாழக் கி.பி. 600 முதல் 630 வரை என்பர். அரசன் அமைச்சரை அனுப்பி நாவுக்கரசரை அழைத்தான். தாம் இறைவன் ஒருவனுக்கே ஆட்பட்டவரென்றும், வேறெவர்க்கும் அடிமையல்லரென்றும் அவர் அஞ்சாது விடையிறுத்தார்.

பின்னர் நிகழ்ந்தவற்றைச் சேக்கிழார் விரிவாய்ப் பாடினார். நாவுக்கரசரைச் சுண்ணாம்பு சுடும் நீற்றறையில் இட்டு ஏழுநாள் பூட்டினர். கதவு திறந்தபோது அவர் இனிதிருந்தார். பாற்சோற்றில் நஞ்சு கலந்து ஊட்டினர், அது அமுதாயிற்று. மதயானையை ஏவினர், அது வலம் வந்து வணங்கி, ஏவினோர்மேற் சென்றது. இறுதியிற் கல்லோடு பிணித்துக் கடலில் எறிந்தனர். ஐந்தெழுத்தை ஓதிய அவரைக் கல்லே தெப்பமாய்த் தாங்கி வந்து திருப்பாதிரிப்புலியூர்க் கரையில் சேர்த்தது. எவ்வூரில் தருமசேனராய்ப் பட்டம் பெற்றாரோ அவ்வூர்க் கரையிலேயே, கையில் ஒன்றுமின்றி, நாவுக்கரசராய் ஏறினார்.

வேதாகமம் கற்றார்க்கு, பாபிலோனிய அரசன் நேபுகாத்நேச்சார் மூட்டிய சூளையில் நின்ற மூன்று இளைஞரின் வரலாறு இங்கே நினைவுக்கு வாராதிராது. அவ்விளைஞர் தம்மைத் தேவன் மீட்பார் என்று நம்பினர். மீளாவிடினும் பொற்சிலையை வணங்கோம் என்றும் துணிந்தனர். அற்புதத்தைக் காட்டிலும் அத்துணிவே பெரிது. நாவுக்கரசர்பாலும் நாம் வியக்கத்தக்கது கல் மிதந்ததன்று. கல்லோடு பிணிக்கப்பட்டபோது அவர் உள்ளம் அமிழாதிருந்ததேயாம். நெருப்பு உடலைச் சுட வந்தது. நஞ்சு உணவென்னும் நட்பின் வேடத்தில் வந்தது. யானை அச்சத்தை விளைக்க வந்தது. கடல் தனிமையைத் தர வந்தது. நான்கிற்கும் அவர் எடுத்த ஆயுதம் ஒன்றே. அவர் பாடினார். எவரையும் எதிர்த்துக் கையெடுத்தாரல்லர்.

வெற்றியிற் கரந்த பகை

அரசன் மனம் மாறினான். திருச்சிராப்பள்ளி மலைக்குகையிலுள்ள வடமொழிக் கல்வெட்டொன்று, குணபரன் என்னும் அரசன் வேற்று நெறியினின்றும் இலிங்க வழிபாட்டிற்குத் திரும்பியதைக் குறிப்பாற் கூறுகின்றது. சேக்கிழார் கூறும் அரசன் திருவதிகையில் எழுப்பிய கோயிலுக்குக் குணபரவீச்சரம் என்பது பெயர். ஆனால் அக்கோயில், பாடலியிலிருந்த சமணப் பள்ளிகளை இடித்துக் கொணர்ந்த கற்களால் ஆயது என்றும் புராணம் கூறுகின்றது. பின்னர்ப் பழையாறை வடதளியில், சமணரால் மறைக்கப்பட்ட திருக்கோயிலைக் காணாமல் உண்ணேன் என்று நாவுக்கரசர் நோன்பிருந்தார். அரசன் அக்கோயிலை வெளிப்படுத்தியதோடு, ஆயிரம் சமணரை யானைகளால் அழித்தான் என்றும் அந்நூலிற் காண்கின்றோம்.

இவ்விரண்டையும் படித்து நாம் மகிழ்தற்கில்லை. யானைக்காலில் இடப்பட்ட ஒருவருடைய பெயராலே பிறர் யானைக்காலில் இடப்பட்டனர் என்றால், அப்போரில் எவர் வென்றார், எவர் தோற்றார்? இது சைவர்க்கு மட்டும் உரிய வினாவன்று. முந்நூறு ஆண்டு இரத்தஞ் சிந்திய கிறிஸ்து சபையும் அரசர் ஆதரவு பெற்றபின் பிறரைத் துன்புறுத்தப் பின்வாங்கவில்லை என்பதைத் திருச்சபை வரலாறு கற்றோர் அறிவர். துன்புற்ற காலத்து வெளியே நின்ற பகைவன், வென்ற காலத்துக் கோட்டையினுள்ளே புகுந்துவிடுகின்றான். மாற்றானிடத்தில் மனிதனைக் காணாது பகையை மட்டும் காணத் தொடங்கும் கணமே அவன் நுழையும் வாயில். ஆன்மப் போரைப் பற்றிப் பேசுவோர் யாவரும் இவ்விடத்தில் அஞ்சி நடத்தல் வேண்டும். நம் போர் மனிதரோடன்று என்னும் அப்போஸ்தலருடைய எச்சரிக்கையின் ஆழம் இங்கே விளங்கும்.

நாயனாருக்குப் பெருமை தருவன அரசன் இடித்த சுவர்கள் அல்ல. அவர் கையிற் பிடித்த உழவாரப்படையே. கோயில் முற்றங்களிற் புல்லைச் செதுக்கும் அச்சிறு கருவியைத் தாங்கியே அவர் தமிழ்நாடு முழுவதும் நடந்தார். தமக்கையின் துடைப்பம் தம்பியின் கையில் உழவாரமாயிற்று என்னலாம்.

சோர்வும் பெருமையும்

முதுமையில் அவர்க்குக் கயிலையைக் காணவேண்டுமென்னும் வேட்கை மிகுந்தது. வடநாடு கடந்து தனியே நடந்தார். பாதம் தேய்ந்தது, கையால் தவழ்ந்தார். கையும் தேய மார்பினால் உந்தினார். பின் புரண்டு சென்றார். அதுவும் இயலாது ஓய்ந்தார். அப்போது முனிவர் ஒருவர் தோன்றித் திரும்பிச் செல்லுமாறு அறிவுரை கூறினார். இறைவனைக் காணாமல் இவ்வுடலைக் கொண்டு மீளேன் என்றார் நாயனார். பின்னர் ஆண்டிருந்த பொய்கையில் மூழ்குமாறு இறைவன் அருள, மூழ்கியவர் திருவையாற்றுக் குளத்தில் எழுந்து, அங்கேயே கயிலைக் காட்சி பெற்றார். நல்ல நோக்கத்தோடு தொடங்கியவனைப் பாதி வழியில் தாக்குவது சோர்வு. அது அறிவுரை போலவே பேசும். அதனை வென்றவர்க்கு, தேடிச் சென்ற பொருள் தம் காவிரிக் கரையிலேயே கிடைத்தது.

அடுத்து வந்தது பெருமை. அடியார் கூட்டம் அவரைத் தொழுதது. திங்களூரில் அப்பூதியடிகள் என்னும் அந்தணர், அவரைக் காணுமுன்பே தம் மக்கட்கும் அறச்சாலைக்கும் தண்ணீர்ப்பந்தருக்கும் நாவுக்கரசென்னும் பெயரிட்டுப் போற்றினார். சீகாழிப் பிள்ளையாராகிய ஞானசம்பந்தர் அவரை அப்பரே என்று அழைத்தார். இத்துணைப் புகழும் முன்னொருகால் தருமசேனரை வீழ்த்திய அதே பகைதான். வேடம் மட்டும் வேறு. ஆனால் இப்போது அவர் அதனை அறிந்திருந்தார். திருப்பூந்துருத்திக்குச் சம்பந்தர் முத்துச்சிவிகையில் எழுந்தருளியபோது, கூட்டத்தினுள்ளே மறைந்து புகுந்து, அச்சிவிகையைத் தாங்குவாருள் ஒருவராய்த் தோள் கொடுத்தார் அம்முதியவர். அப்பர் எங்கே என்று சம்பந்தர் வினாவ, சிவிகையின் கீழிருந்தே விடை வந்தது. இளையவர் பதைத்து இறங்கி வணங்க, முதியவரும் வணங்கினார். பெருமையென்னும் பகையை வெல்ல அதனோடு வாதாடிப் பயனில்லை. சுமையொன்றின் கீழே தோளை வைத்தலே வழி என்பதை அச்செயல் காட்டுகின்றது.

பொன்னும் கல்லும்

இறுதிக் காலத்தில் திருப்புகலூரில் தங்கி உழவாரத் திருப்பணி செய்தார். அப்போது அவர் உழவாரம் பட்ட இடமெல்லாம் பொன்னும் மணியும் விளங்குமாறு இறைவன் செய்தான் என்பது வரலாறு. நாயனார் அவற்றைப் பருக்கைக் கல்லோடு வேறுபாடின்றி உழவாரத்தால் ஏந்திக் குளத்தில் எறிந்துவிட்டு, தம் பணியைத் தொடர்ந்தார். பின்னர் வானத்து மகளிர் வந்து ஆடியும் பாடியும் மயக்க முயன்றனர். அவர் உள்ளம் திரியவில்லை. வந்தவழியே அவர்கள் மீண்டனர்.

நீற்றறையையும் நஞ்சையும் வென்றவர்க்குப் பொன்னையும் ஆடலையும் வெல்லுதல் எளிதென்று எண்ணற்க. அச்சத்தை வென்றோர் பலர் ஆசையால் வீழ்ந்துள்ளனர். அவர் அவற்றோடு போராடியதாகவே சேக்கிழார் கூறவில்லை; செய்துகொண்டிருந்த பணியை நிறுத்தவில்லை என்பதையே கூறுகின்றார். உள்ளம் ஓர் அன்பினால் நிறைந்திருக்கும்போது பகைவன் நுழைய இடமில்லாமற் போகின்றது.

எண்பத்தோராண்டு வாழ்ந்த நாவுக்கரசர், சித்திரைச் சதய நாளில், அத்திருப்புகலூரிலேயே இறைவன் திருவடி நீழலை அடைந்தார் என்பர். அவர் பாடல்கள் நான்காம், ஐந்தாம், ஆறாம் திருமுறைகளாக வகுக்கப்பட்டு இன்றும் ஓதப்படுகின்றன. அவர்க்குப் பின் வந்த சுந்தரர், திருவதிகையின் எல்லையை அடைந்தபோது, நாவுக்கரசர் கையால் தொண்டு செய்த மண்ணை மிதிக்க அஞ்சி, ஊரின் புறத்தேயுள்ள சித்தவட மடத்தில் இராப்பொழுதைக் கழித்தார்.

முடிவுரை

தமிழ்க் கிறிஸ்தவர்க்கும் இப்பெரியாரோடு ஒரு தொடர்புண்டு. ஆங்கில நாட்டு ஜான் பனியன் 1678-இல் வெளியிட்ட மோட்சப் பயண நூலைத் தழுவி, எச். ஏ. கிருஷ்ண பிள்ளை இரட்சணிய யாத்திரிகம் என்னும் காப்பியத்தை இயற்றினார். ஆன்மாவின் வழியில் எதிர்ப்படும் பகைகளையெல்லாம் உருவகமாக்கிக் காட்டும் அந்நூலின் இடையிடையே அவர் அமைத்த பக்திப் பாடல்களுக்குத் தேவாரம் என்றே பெயரிட்டார். அகப்போரைப் பாடவேண்டிய தமிழர்க்கு, அப்பர் முதலியோர் வகுத்த இசைவழியே இயல்பான வழியாய் இருந்தது.

மாணவ நண்பர்காள்! நம்முடைய நாட்களில் நீற்றறையும் யானையும் வருதல் அரிது. பட்டமும், புகழும், சோர்வும், பொன்னும், வெறுப்பும் வருதல் உறுதி. நம்மை நம் அன்பரிடமிருந்து மறைக்கச் சொல்வது எதுவோ, நம் வாயிலிருந்து பாட்டைப் பறிப்பது எதுவோ, பிறனை மனிதனாகக் காணவொட்டாமல் தடுப்பது எதுவோ, அதனைப் பகையென்று அறிவோமாக. அறிந்தபின், நமக்காக விழித்திருப்பவர் வாயிலைத் தேடி இரவென்றும் பாராது நடப்போமாக. நாள்தோறும் செய்யத்தக்க எளிய தொண்டொன்றைக் கைவிடாது பற்றுவோமாக. அதிகை வீரட்டானத்து முற்றத்தில் திலகவதியார் விடியுமுன் இட்ட அலகு, கல்வியும் அரசும் செய்யமாட்டாத ஒன்றைச் செய்து முடித்தது என்பதை மறவாதிருப்போமாக.